கண்டிச் சித்திரகாரரும் கலைக்கழக மாணாக்கரும்

ஓவியம் பிறவியோடு வரும் வரம் என்று கூறுவோர் பலர். ஆயினும் வரலாற்றை நோக்குமிடத்து, எந்நாட்டிலும் எக்காலத்திலும் ஓவியர் பயிற்றப்பட்டே உருவாயினர் என்பது புலனாகும். 19ஆம் நூற்றாண்டிலே இப்பயிற்சி இருவேறு வழிகளில் நிகழ்ந்தது. ஒன்று, பாரிசு நகரில் முதிர்ந்து, சென்னை, கல்கத்தா முதலிய நகரங்களுக்கும் பரவிய கலைக்கழக முறை. மற்றையது, நமது கண்டி நாட்டில் தந்தையிடமிருந்து மகனுக்கும், மாமனிடமிருந்து மருகனுக்கும் வழிவழியாக வந்த பட்டறை முறை. அந்நூற்றாண்டு முடிவதற்குள் முன்னையது உலகெங்கும் ஓங்கியது; பின்னையது தளர்ந்தது. இத்தளர்ச்சி பயிற்சி முறையின் குறையால் நேர்ந்ததா, பிறிதொரு காரணத்தால் நேர்ந்ததா என்பதே ஈண்டு ஆராயப்படும் பொருளாகும்.

முதற்கண் பாரிசு நகர முறையை நோக்குவோம். 1648இல் பிரெஞ்சு மன்னர் ஆதரவில் தொடங்கிய ஓவிய, சிற்பக் கழகத்தின் வழிவந்ததே 19ஆம் நூற்றாண்டின் பாரிசு நுண்கலைக் கல்லூரி. அங்குச் சேர்ந்த இளைஞன் முதலில் தூரிகையைத் தொடுவதில்லை. பேராசான்களின் ஓவியங்களைப் பார்த்துச் செதுக்கப்பட்ட அச்சுப்படங்களையே அவன் கரிக்கோலால் படியெடுத்தல் வேண்டும். கண், மூக்கு, செவி, கை என உறுப்பு உறுப்பாகப் பயின்று, பின்னரே முழு உருவத்தை எழுதுவான். இதில் தேறியவன், கிரேக்க, உரோமச் சிலைகளின் சுண்ணச்சாந்து வார்ப்புகளை முன்வைத்து ஒளியையும் நிழலையும் பயில்வான். அதன் பின்னரே உயிருள்ள மனிதனைப் பார்த்து வரையும் உரிமை அவனுக்குக் கிட்டும். 1863ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் வரை அக்கல்லூரி வரைதலையே கற்பித்தது. வண்ணந்தீட்டும் வித்தையை மாணாக்கர் வெளியே தனி ஓவியர்தம் பயிற்சிக்கூடங்களிலேயே கற்றனர்.

இப்படிமுறையின் உச்சி உரோமைப் பரிசு எனப்படும் போட்டியாகும். இறுதிச் சுற்றுக்குத் தெரிவானோர் தனித்தனிச் சிற்றறைகளில் 72 நாள்கள் இருந்து, கொடுக்கப்பட்ட பொருளை ஓவியமாக்கினர். வென்றவன் அரசின் செலவில் உரோமை சென்று சில ஆண்டுகள் தங்கிக் கற்பான். நாடு திரும்பியபின் அரசாங்க வேலைகளும் பெருமையும் அவனை நாடி வரும். ஆனால் ஓவியத்துக்கு முதற்பரிசு ஆண்டுதோறும் பெரும்பாலும் ஒருவனுக்கே கிட்டியது. ஏனையோர் தத்தம் பிழைப்பைத் தாமே தேடிக்கொள்ள வேண்டியவரானார்கள். பெண்களுக்கோ அக்கல்லூரியின் கதவு 1897 வரை திறக்கப்படவேயில்லை.

படியெடுத்தலை இம்முறை எத்துணை மதித்தது என்பதற்கு ஒரு சான்று காட்டலாம். சார்ல்சு பார்க் என்பார், ஜெரோம் என்னும் புகழ்பெற்ற ஓவியரின் துணையோடு, 1866 முதல் 1871 வரை 197 மாதிரிப் படங்கள் அடங்கிய வரைதற்பாடத்தை வெளியிட்டார். கலைக்கழகத்தின் கட்டுப்பாட்டை முற்றாக மீறிய வின்சென்ட் வான் கோவும் அப்பாடத்தை அமர்ந்து படியெடுத்தே தம் கையைப் பழக்கினார். பிறர் வரைந்ததைப் படியெடுப்பவனுக்குச் சொந்தக் கற்பனை பிறவாது என்பாரின் கூற்று இதனால் வலியிழக்கின்றது.

இம்முறை தமிழகத்துக்கு வந்த வரலாறும் நாம் அறியத்தக்கது. 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் மருத்துவர் சென்னையில் தம் சொந்த முயற்சியால் ஒரு கலைப்பள்ளியைத் தொடங்கினார். சில ஆண்டுகளில் அரசு அதனை ஏற்றது. இன்று சென்னையிலுள்ள அரசு கவின்கலைக் கல்லூரியின் தோற்றம் அதுவே. கல்கத்தாவிலும் பம்பாயிலும் அதே பத்தாண்டிற் கலைப்பள்ளிகள் எழுந்தன. இலண்டன் மாநகரின் தென் கென்சிங்டன் பகுதியிலே வகுக்கப்பட்டு, 23 படிகளாகப் பகுக்கப்பெற்றிருந்த வரைதற்பாடமே இப்பள்ளிகளுக்கு வழிகாட்டியது. நேர்கோடும் வளைகோடும் வரைதல், வார்ப்புச் சிலையைப் பார்த்தெழுதல் என அது படிப்படியாக ஏறும். தஞ்சையிலும் மதுரையிலும் கோயிற் சிற்பங்கள் கண்முன் நிற்க, மாணாக்கர் கிரேக்கச் சிலையின் வார்ப்பை வரைந்தனர்! சென்னைப் பள்ளியில் 1884இல் பொறுப்பேற்ற ஹாவெல், 1896இல் கல்கத்தாப் பள்ளிக்குச் சென்றார். அங்கு அவர் ஐரோப்பியப் படங்களை அகற்றி இந்திய ஓவியங்களை மாதிரிகளாக வைக்க முற்பட்டபோது, எதிர்த்தெழுந்தோர் இந்திய மாணாக்கரே. தம் நாட்டு மரபைத் தாமே தாழ்வாக எண்ணும் மனப்பான்மையையும் அப்பள்ளி அவர்களுக்குக் கற்பித்துவிட்டது போலும்.

இனி நமது கண்டிக்கு வருவோம். கண்டி அரசில் நுண்தொழில் வல்லார் நவந்தன்ன எனப்படும் சமூகத்தவர். பொற்கொல்லர், கருமார், செதுக்குவோர், தச்சர், சித்தரு எனப்படும் ஓவியர் ஆகியோர் இதனுள் அடங்குவர். இவர்களுள் தேர்ந்தோர் அரண்மனையின் நான்கு தொழிற்கூடங்களிற் பணிபுரிந்தனர். இவை ‘பட்டல் ஹத்தர’ எனப் பெயர் பெற்றவை. பட்டறை என்னும் நம் தமிழ்ச் சொல்லையும் இப்பெயர் நினைவூட்டுகின்றது. தமிழ்நாட்டுக் கலைஞரோடு இம்மலைநாட்டுக்கிருந்த தொடர்பும் பழையதே. 1344இல் எழுந்த கடலாதெனிய விகாரையைக் கட்டிய தலைமைச் சிற்பி தென்னாட்டுக் கணேசுவராசாரி என்பதை அங்குள்ள சாசனமே கூறுகின்றது.

சித்திரகாரன் வீட்டுச் சிறுவன் எவ்வாறு பயின்றான்? அவன் முதலிற் கற்றது ‘வகதெக’ என்னும் இரட்டை வளைவாகும். ஒருபுறம் வளைந்து மறுபுறம் திரும்பும் இக்கோடு, பார்வைக்கு எளிது; கைக்கு அரிது. பலகையில் எழுதுவதும் அழிப்பதும் மீண்டும் எழுதுவதுமாக, கை தடுமாறாது ஓடும்வரை அவன் இதனையே பயின்றான். பின்னர் அவ்வளைவுகளை இணைத்துக் கொடியாக்கவும், கொடியில் இலையும் மலரும் பூட்டவும், அதன் பின் அன்னம், சிங்கம், யானை முதலிய உருவங்களையும் தேவர் உருவங்களையும் எழுதவும் கற்றான். நெடுங்கணக்கு அறிந்த பின்னரே சொல்லும், சொல் அறிந்த பின்னரே தொடரும் கற்பிக்கும் நம் பழைய திண்ணைப் பள்ளிக்கூட ஒழுங்கை இஃது ஒத்திருத்தல் காண்க.

கை பழகுங்கால் நெஞ்சும் பழகுதல் வேண்டும் என்பது அவர்தம் கொள்கை. ஆதலின், தேவர் வடிவங்களையும் விலங்கு வடிவங்களையும் கூறும் ரூபாவலியா, படிமங்களின் அளவுகளைக் கூறும் சாரிபுத்திரம் முதலிய வடமொழி நூல்களின் சுலோகங்களை மாணாக்கன் மனனஞ் செய்தான். சுவரின்முன் நிற்பவன் எதிரே மாதிரி எதனையும் வைத்துக்கொள்வதில்லை. அளவும் வடிவும் அவன் நினைவிலேயே இருந்தன. இயற்கைப் பொருளை நேரே பார்த்து வரையும் வழக்கமும் அவர்களிடம் இல்லை. ஐரோப்பிய மாணாக்கன் கண்ணாற் கண்டதை எழுதக் கற்றான். கண்டி மாணாக்கன் கருத்தில் நிறுத்தியதை எழுதக் கற்றான்.

வண்ணக் கடை என்று ஒன்று இல்லாத அக்காலத்தில், வண்ணஞ் செய்தலும் கல்வியின் பகுதியே. சாதிலிங்கத்திலிருந்து சிவப்பும், அரிதாரத்திலிருந்தும் ஒருவகை மரப்பிசினிலிருந்தும் மஞ்சளும், அவுரியிலிருந்து நீலமும், விளக்குப் புகைக்கரியிலிருந்து கறுப்பும், மக்குலு எனப்படும் வெண்மண்ணிலிருந்து வெள்ளையும் ஆக்கினர். விளாம்பிசின் சேர்த்து இவற்றைக் குழைத்தனர். ஒருவகைப் புல்லினாலும் அணில், பூனை முதலியவற்றின் மயிரினாலும் நுண்ணிய தூரிகைகள் அமைந்தன. தாழை விழுதின் நுனியை நைத்துப் பெரிய தூரிகைகள் செய்தனர். இவையனைத்தையும் சிறுவன் ஆசானுக்குத் துணைநின்றே கற்றான். வேலைக்களமே வகுப்பறை, முடிந்த சுவரே தேர்வுத்தாள்.

இப்பயிற்சி வெறும் மீள்பதிவையே விளைத்தது என்று குறை கூறுவோர், கண்டிக்கு அண்மையில் மகாவலி கங்கைக்கு அப்பாலுள்ள தெகல்தொருவ விகாரைக்கு ஒருமுறை செல்லுதல் நன்று. கீர்த்தி சிறீ இராசசிங்கன் காலத்தில் தொடங்கி, இராசாதி இராசசிங்கன் காலத்தில் நிறைவுற்ற இக்குகைக் கோயிலில் ஓவியந் தீட்டியோருள் தலையாயவர் தேவரகம்பொல சில்வத்தானர். சிவந்த நிலத்தின்மேல், நீண்ட பட்டிகளாக, வெஸ்ஸந்தர சாதகக் கதை அங்கு விரிகின்றது. யானையைத் தானமளித்த அரசகுமாரன் காட்டுக்குச் செல்லும் காட்சியில், மரமும் மாந்தரும் விலங்கும் வகுத்த இலக்கணத்துக்கு உட்பட்டவையே. எனினும் ஓட்டமும் உயிர்ப்பும் அவற்றில் குன்றவில்லை. யாப்பிலக்கணம் கற்றமையாற் புலவனுக்குக் கவித்துவம் குறைவதில்லை, அதுபோன்றதே இதுவும்.

இருமுறைகளையும் அருகருகே வைத்து நோக்கின், தொடக்கம் ஒன்றே என்பது தெரியும். இரண்டிலும் மாணாக்கன் முன்னோர் எழுதியதை மீண்டும் மீண்டும் எழுதினான். வேறுபாடு வாயிலிலும் முடிவிலுமே இருந்தது. கலைக்கழகத்தின் வாயில் பிறப்பால் அடைக்கப்படவில்லை. திறமையும் வாய்ப்பும் உடைய ஏழைமகனும் நுழையலாம். கண்டியின் வாயிலோ குலத்தால் அடைக்கப்பட்டிருந்தது. வேறு குலத்திற் பிறந்தவனுக்கு எத்துணைக் கைவளம் இருப்பினும் அக்கல்வி எளிதிற் கிட்டாது. இக்குறையை மறைத்துப் பழைமையைப் புகழ்தல் வரலாற்றாசிரியனுக்கு அழகன்று. கல்லூரியின் வாயிலை மிதியாது, வேலை பார்த்துக்கொண்டே வெளிவாரியாகப் பரீட்சை எழுதிப் பட்டம் பெற்ற என் போன்றோர்க்குத் திறந்த வாயிலின் அருமை நன்கு தெரியும்.

ஆயினும் முடிவை நோக்குக. பாரிசில் பயின்ற பலருள் ஒரு சிலர்க்கே அரசின் ஆதரவு வாய்த்தது. கண்டியில் பயின்றவனுக்கோ நிலம் இருந்தது. அரசனுக்கோ கோயிலுக்கோ குறித்த பணியைச் செய்வதற்கு ஈடாக அவன் குடும்பம் வயலைத் துய்த்தது. நெல் வீட்டிலிருந்ததனால், ஒரு சுவரை முடிக்க எத்தனை மாதஞ் சென்றாலும் அவன் அஞ்சவில்லை. மகனுக்குத் தொழில் கற்பிப்பது வயலையும் காப்பதாயிற்று. இவ்வாறு பயிற்சியும் பிழைப்பும் ஒரே கயிற்றின் இரு புரிகளாக முறுக்குண்டு நின்றன.

அக்கயிறு எவ்வாறு அறுந்தது என்பதை ஆண்டுகளே காட்டும். 1815இல் கண்டி அரசு வீழ்ந்தது. சிறீ விக்கிரம இராசசிங்கன் வேலூருக்கு நாடுகடத்தப்பட்டான். அவனோடு அரண்மனைத் தொழிற்கூடங்களின் தேவையும் நீங்கியது. கோல்புறூக் குழுவினர் பரிந்துரைத்தபடி 1832ஆம் ஆண்டுக் கட்டளையால் இராசகாரியம் ஒழிக்கப்பட்டது. ஊழியச் சுமை நீங்கியது குடிகளுக்கு நன்மையே. ஆனால் கலைஞனை நிலத்தோடும் அரசோடும் பிணைத்திருந்த கட்டும் அதனோடு தளர்ந்தது. கோயில் நிலங்களில் ஊழியம் எஞ்சியிருந்தது. 1870ஆம் ஆண்டுச் சட்டம் அதனையும் பணமாகச் செலுத்த வழி செய்தது. மலைகளிற் கோப்பித் தோட்டங்கள் பரந்தன. 1867இல் புகைவண்டி கண்டியை அடைந்தது. இறக்குமதிப் பொருள்கள் மலைநாட்டுக் கடைவீதிகளை எளிதில் எட்டின. இவற்றின் நடுவே, மகனுக்கு வகதெக கற்பித்து ஆவதென்ன என்று ஒரு தந்தை எண்ணியிருப்பின், அவனைக் குறைகூறல் தகுமா? முறை பழுதுபடவில்லை, முறையைத் தாங்கிய வாழ்வே பழுதுபட்டது.

1882இல் கண்டிக் கலைச்சங்கம் தோன்றிக் கைவினைஞரின் பொருள்களுக்கு விற்பனை தேடித்தர முயன்றது. அதனினும் ஆழ்ந்து நோக்கியவர் ஒரு தமிழ்ப் பெருமகனின் புதல்வர். சேர் முத்துக் குமாரசுவாமியின் மகனாக 1877இல் கொழும்பிற் பிறந்த ஆனந்த குமாரசுவாமி, 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுத் துறையின் இயக்குநராக இருந்தார். கல்லை ஆராய வந்தவர் கலையை ஆராயலானார். எஞ்சியிருந்த கைவினைஞரிடம் நேரே கேட்டறிந்து, அவர்தம் பயிற்சியையும் கருவிகளையும் இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலாக 1908இல் வெளியிட்டார். வில்லியம் மொரிசு பயன்படுத்திய கையச்சுப் பொறியிலே 425 படிகளே அச்சாயின. பழைய கட்டடங்களைக் காக்குமாறு கண்டிப் பிரதானிகளுக்கு 1905இல் அவர் திறந்த மடலும் வரைந்தார். மேலே யாம் கண்டி மாணாக்கனைப் பற்றிக் கூறிய செய்திகளுட் பல நமக்குக் கிட்டியது அவர் உழைப்பாலேயே.

20ஆம் நூற்றாண்டிலும் அம்மரபு சிலர் கையில் மீண்டும் துளிர்த்தது. மஞ்சுசிறீ என்னும் ஓவியர் விகாரைதோறும் சென்று சுவரோவியங்களைப் படியெடுத்தார். 1901இல் கண்டியிற் பிறந்த யோர்ச் கீற், கலைக்கழகம் எதிலும் முறையாகப் பயிலாதவர். மலைநாட்டு விகாரைகளின் கோடு அவர் ஓவியத்திற் புத்துருவில் ஓடுவதைக் காண்போர் அறிவர். நத்தரம்பொத்தைக்கு அண்மையிலுள்ள கலாபுரத்தில் இன்றும் பித்தளையிலும் வெள்ளியிலும் கொடியும் அன்னமும் செதுக்கும் குடும்பங்கள் உள்ளன.

ஆகவே, ஒரு கலை வாழ்வதற்கு மூன்று வேண்டும் எனலாம். கையைப் பழக்கும் கடுமுயற்சி ஒன்று. தகுதியுடைய எவர்க்கும் திறந்த வாயில் மற்றொன்று. பயின்றவன் பசியாது தொழில் செய்ய இடந்தரும் சமூகம் மூன்றாவது. கலைக்கழகம் முதலிரண்டையும் ஓரளவு தந்தது. கண்டிப் பட்டறை முதலாவதையும் மூன்றாவதையும் தந்தது. மூன்றையும் ஒருங்கே தருதல் இன்றைய பாடசாலைகளின் கடமையாகும். சித்திரம் என்பது பரீட்சைக்குரிய பாடங்களுள் ஒன்று என்ற அளவில் நில்லாது, ஆசிரியர்கள் தம் மாணாக்கரைத் தாளும் கரிக்கோலுமாகத் தெகல்தொருவைக்கு அழைத்துச் சென்று ஒரு பிற்பகலேனும் அச்சுவரின்முன் அமர்த்துவாராக. சில்வத்தானர் எழுதிய ஒரு கொடியை அவர்கள் பிழையின்றி வரைந்து முடிப்பின், நூல்கள் பல கூறியும் விளங்காத ஒன்று அவர்தம் விரல்களுக்கு விளங்கும்.