சிந்தனைப் படிநிலைகளும் வகுப்பறைக் கற்றல் நோக்கங்களும்: தருமபுரி மாவட்டத்தை முன்வைத்து

முன்னுரை

ஆசிரியர் கல்வி பயின்றோர் அனைவரும் பாடத்திட்டக் குறிப்பில் ‘அறிதல், புரிதல், ஆளல், திறன்’ என்னும் நான்கு தலைப்புகளின்கீழ்க் கற்றல் நோக்கங்களை எழுதிப் பழகியவர்கள். இத்தலைப்புகளின் மூலம் வகுப்பறையன்று, தேர்வறை. அவ்வரலாறு, முதல் தலைமுறையாகக் கல்வி பெறும் மாணவரின் சிந்தனைக்கு எவ்வாறு எல்லை வகுத்தது என்பதைத் தருமபுரி மாவட்டத்தை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

தேர்வுச் சீர்திருத்தமும் வகைப்பாடும்

1948இல் பாஸ்டன் நகரில் கூடிய அமெரிக்கக் கல்லூரித் தேர்வாளர்கள், தேர்வு வினாக்களைத் தமக்குள் பகிர்ந்துகொள்வதற்குப் பொதுவானதொரு சட்டகம் வேண்டுமென விரும்பினர். அதன் பயனாக, பெஞ்சமின் ப்ளூமைப் பதிப்பாசிரியராகக் கொண்ட நூல் 1956இல் வெளிவந்தது. அது அறிதல், புரிதல், பயன்படுத்தல், பகுத்தாய்தல், தொகுத்தல், மதிப்பிடல் என ஆறு படிநிலைகளை வகுத்தது. அடுத்த ஈராண்டுகளுக்குள் ப்ளூம் இந்தியா வந்து, இடைநிலைக் கல்வியின் தேர்வுச் சீர்திருத்தம் குறித்த பயிலரங்குகளை நடத்தினார். 1961இல் தோன்றிய தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழுமம் அப்பணியைத் தொடர்ந்தது. இந்திய ஆசிரியர் கல்வியில் நிலைபெற்ற நாற்பிரிவு அமைப்பில் பகுத்தாய்தல், தொகுத்தல், மதிப்பிடல் ஆகிய மூன்றும் தனித்தலைப்பை இழந்தன. தலைப்பு இல்லாத நோக்கம் பாடக்குறிப்பில் இடம்பெறுவது அரிதாயிற்று.

தருமபுரியும் குறைந்தபட்சக் கற்றல் நிலைகளும்

ப்ளூமின் மாணவரான ஆர். எச். தவே தலைமையில் 1990இல் அமைந்த குழு, தொடக்கக் கல்விக்கான குறைந்தபட்சக் கற்றல் நிலைகளை வகுத்தது. 1994இல் தொடங்கிய மாவட்டத் தொடக்கக் கல்வித் திட்டத்தின் முதற்கட்டத்தில், தமிழகத்தில் தேர்வான மாவட்டங்களுள் தருமபுரியும் ஒன்று. அந்நாளில் இன்றைய கிருட்டினகிரியும் அதனுள் அடங்கியிருந்தது. பெண்கல்வி தேசிய சராசரிக்குக் கீழிருத்தல் இத்தேர்வுக்குரிய அளவுகோல்களுள் ஒன்றாகும். கற்றல் அடைவை அடிப்படை அளவீட்டினும் 25 விழுக்காடு உயர்த்துவது திட்டத்தின் இலக்குகளுள் ஒன்று.

எழுத்தும் எண்ணும் அறியாத குழந்தைக்கு அவற்றை உறுதிசெய்வது நீதியே. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மாநில எழுத்தறிவு 80.1 விழுக்காடாக இருக்க, தருமபுரி 68.5 விழுக்காட்டுடன் கடைசி இடத்தில் நின்றது. எனினும் ‘குறைந்தபட்சம்’ என்பது தொடக்க எல்லையாக அமையாமல் முடிவெல்லையாகிவிடும் இடர் இங்குண்டு. கீழ்ப்படியை முற்றும் முடித்தபின்னரே மேற்படி என்று கொண்டால், பின்தங்கிய மாணவர் எந்நாளும் அறிதல் நிலையிலேயே நிறுத்தப்படுவர்.

தகடூர் தரும் சான்று

தருமபுரியின் பழம்பெயர் தகடூர். அதனை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியின் தூதராக ஔவையார் தொண்டைமானிடம் சென்றபோது பாடியதாகப் புறநானூற்றின் 95ஆம் பாடல் அமைகிறது. தொண்டைமானின் படைக்கலங்கள் பீலி சூடி, நெய் பூசிக் காவலில் பொலிகின்றன. அதியமானுடையவையோ போரில் சிதைந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கின்றன. மேலோட்டமாகப் புகழ், உள்ளே இகழ்ச்சி.

இப்பாடலுக்கான நோக்கங்களைப் பின்வருமாறு வகுக்கலாம்: மாணவர் பாடியவரையும் பாடப்பட்டோனையும் கூறுவர், இரு படைக்கலங்களின் நிலையைத் தம் சொற்களில் விளக்குவர், புகழ் இகழாக மாறும் இடத்தைச் சொற்சான்றுடன் சுட்டுவர், போர் தவிர்க்கச் சென்ற தூதருக்கு இவ்வுரை ஏற்றதா என மதிப்பிடுவர். இவற்றுள் பின்னிரண்டும் மேனிலைச் சிந்தனை சார்ந்தவை. ஆயினும் அவற்றுக்குச் சரளமான வாசிப்பு முன்நிபந்தனையன்று. புகழ்வதுபோல் இகழும் பேச்சை ஊர்த்திண்ணையில் கேட்டு வளர்ந்த குழந்தை, பொருளை வாய்மொழியாகச் சொல்லக் கேட்டாலே அவ்விடத்தைச் சுட்டிவிடும். பாடல் எண்ணை மட்டுமே அக்குழந்தை மறந்திருக்கக்கூடும்.

முடிவுரை

2001இல் ஆண்டர்சன், கிராத்வோல் ஆகியோர் செய்த திருத்தம் படிநிலைகளை வினைச்சொற்களாக்கிப் படைத்தலை உச்சியில் வைத்தது. படிகளுக்கிடையிலான கடுமையான வரிசைமுறையையும் தளர்த்தியது. தருமபுரி போன்ற மாவட்டங்களுக்கு இத்தளர்வே முதன்மையானது. ஒவ்வொரு பாடவேளையிலும் பகுத்தாய்தல் அல்லது மதிப்பிடல் சார்ந்த நோக்கம் ஒன்றேனும் வாய்மொழி நிலையிலாவது இடம்பெற வேண்டும். எழுத்தறிவில் பின்தங்கியமை சிந்தனையில் பின்தங்கியமை ஆகாது என்பதே இவ்வரலாறு ஆசிரியர் கல்விக்கு உணர்த்தும் பாடம்.