பனிச்சரிவுப் பாதுகாப்புக் கல்வியின் வரலாறு

புதுச்சேரியை அடுத்த நோணாங்குப்பத்தில், சுண்ணாம்பாறு கடலில் கலக்கும் பகுதியில், பனி என்பது மார்கழி விடியலின் ஈரம்; வெயில் ஏறினால் மறைந்துவிடும். இமயமலையில் ஆளையே புதைக்கும் வெண்பனிக்கும் தமிழில் அதே சொல்தான். தென்னாட்டிலிருந்து அங்கே செல்லும் படைவீரர்களும் மலையேறுவோரும் அந்தப் பனியைக் கற்றே அறிய வேண்டும். அந்தக் கல்வி பெரும்பாலும் உயிரிழப்புகளிலிருந்து உருவானது.

ஆல்ப்ஸ் மலையில் தொடக்கம்

முதல் உலகப் போரில் ஆல்ப்ஸ் மலைமுனையில் நின்ற படைகளுக்குப் பனியும் எதிரியானது. 1916 டிசம்பர் 13 அன்று மர்மொலாடா மலையில் ஆஸ்திரியப் படைமுகாம் மீது பனிச்சரிவு விழுந்து ஏறத்தாழ 270 பேர் இறந்தனர். 1936-இல் சுவிட்சர்லாந்தின் தாவோஸ் நகருக்கு மேலுள்ள மலையில் பனி ஆய்வுக்கூடம் அமைந்தது.

பனி ஒரே பொழிவில் சேர்வதில்லை, அடுக்கடுக்காகப் படிகிறது. இடையில் வலுவற்ற அடுக்கு ஒன்று இருந்தால், அதன் மேலுள்ள பனிப்பாளம் ஒருவரின் எடையாலேயே முறிந்து சரியக்கூடும். 30 முதல் 45 பாகை வரை சாய்ந்த சரிவுகளே பெரிதும் ஆபத்தானவை. சரிவின் சாய்வை அளப்பதும் பனியைக் குழிதோண்டி அடுக்குகளைச் சோதிப்பதும் இதனாலேயே பாடங்களாயின.

பதினைந்து நிமிடங்கள்

சுவிட்சர்லாந்தில் 1981 முதல் 1991 வரை பனியில் புதைந்தோரைப் பற்றிய ஆய்வு 1994-இல் வெளிவந்தது. 15 நிமிடங்களுக்குள் மீட்கப்பட்டோரில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பிழைத்தனர். 35 நிமிடங்களில் அது பத்தில் மூன்றாகக் குறைந்தது. மீட்புக்குழு வெளியிலிருந்து வந்துசேர அதற்கு மேல் ஆகும். ஆகவே உடன் சென்றவர்களே மீட்பர்கள். 457 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்கும் டிரான்சீவர் கருவி, பனியைக் குத்திப் பார்க்கும் நீண்ட கம்பி, மண்வாரி ஆகிய மூன்றையும் ஒவ்வொருவரும் சுமந்து செல்ல வேண்டும் என்பதும், ஆபத்தான சரிவை ஒவ்வொருவராகக் கடக்க வேண்டும் என்பதும் இதன் விளைவான விதிகள்.

இந்தியாவில்

1948-இல் குல்மார்க்கில் ராணுவம் தொடங்கிய பனிச்சறுக்குப் பள்ளி, பின்னர் உயர்மலைப் போர்ப் பள்ளியாக வளர்ந்தது. 1969-இல் மணாலியில் பனி மற்றும் பனிச்சரிவு ஆய்வு நிறுவனம் நிறுவப்பட்டுப் பனிச்சரிவு முன்னறிவிப்பில் ஈடுபட்டது. 2020-இல் அது மற்றொரு பாதுகாப்பு ஆய்வுக்கூடத்துடன் இணைக்கப்பட்டது. 1984-இல் சியாச்சினில் படைகள் நிலைகொண்ட பின் இப்பயிற்சியின் தேவை பெருகியது. அங்கே குண்டுகளைவிடக் குளிரும் மலையுமே அதிக உயிர்களைக் கவர்ந்தன.

சோனம் காவல்நிலை, 2016

2016 பிப்ரவரி 3 அன்று, ஏறத்தாழ 19,600 அடி உயரத்திலிருந்த சோனம் காவல்நிலையின் மீது பனிச்சுவர் இடிந்து விழுந்தது. மெட்ராஸ் ரெஜிமெண்டின் 19-ஆம் பட்டாலியனைச் சேர்ந்த பத்துப் பேர் புதைந்தனர். அவர்களுள் நால்வர் வேலூர், தேனி, மதுரை, கிருஷ்ணகிரி மாவட்டங்களைச் சேர்ந்த தமிழர்கள். பாறைபோல் இறுகிய பனியை மின்ரம்பங்களாலும் துளைக்கருவிகளாலும் அறுத்து, மோப்ப நாய்களின் துணையுடன் வீரர்கள் தேடினர். பிப்ரவரி 8 அன்று, ஏறத்தாழ 25 அடி ஆழத்தில், கர்நாடகத்தைச் சேர்ந்த லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா கொப்பட் உயிருடன் கண்டெடுக்கப்பட்டார். டெல்லி ராணுவ மருத்துவமனையில் பிப்ரவரி 11 அன்று அவர் இறந்தார். மற்ற ஒன்பது பேரும் சடலங்களாகவே மீட்கப்பட்டனர்.

மண்வாரியும் கம்பியும் ஓரிரு மீட்டர் ஆழம் வரைதான் துணைநிற்கும். அதற்கும் கீழே புதைந்தவர்களை உடன் இருப்போரால் உரிய நேரத்தில் எட்ட முடிவதில்லை. இதனால்தான் இன்றைய பயிற்சிகளில், புதைந்தவரை மீட்கும் முறைக்கு முன்பாகவே, எந்தச் சரிவின் கீழ் தங்கக் கூடாது, எந்த நாளில் பயணத்தைத் தள்ளிப்போட வேண்டும் என்பன முதலில் கற்பிக்கப்படுகின்றன.