கேஷ்

கேஷ்: கையிருப்பில் உள்ள நாணயம், நோட்டு ஆகிய ரொக்கப் பணத்தைக் குறிக்கும் ஆங்கிலப் பெயர்ச்சொல். ஒரே எழுத்துக்கூட்டலில் ஆங்கிலத்தில் இரண்டு தனிச் சொற்கள் உண்டு. ஒன்று லத்தீன் வழி வந்தது. பெட்டியைக் குறிக்கத் தொடங்கி, பெட்டிக்குள் இருக்கும் பணத்தில் நிலைத்தது. மற்றொன்று தமிழின் 'காசு'. ஆசியச் சில்லறை நாணயங்களின் பெயர். 'காசுதான் கேஷ் ஆயிற்று' என்று நம்மிடையே வழங்கும் பேச்சு இரண்டாவது சொல்லுக்கு மட்டுமே பொருந்தும்.

முதற்சொல்லின் மூலம் லத்தீன் 'கப்ஸா'. பிடித்தல், கொள்ளுதல் என்று பொருள்படும் 'காப்பெரே' என்ற வினையிலிருந்து பிறந்தது. ரோமானியர் பப்பிரஸ் சுருள்களை நிறுத்தி வைத்த மூடியுள்ள உருளைப் பெட்டியே கப்ஸா. பள்ளிக்குச் செல்லும் சிறுவனின் பெட்டியைச் சுமந்து நடந்த அடிமை 'கப்ஸாரியஸ்'. பொதுக் குளியலகங்களில் குளிப்போரின் உடைகளைக் காத்து நின்றவனுக்கும் அதே பெயர்தான். பெட்டியோடு பணம் சேர்ந்தது பிற்கால வணிகர்களிடம். இத்தாலியர் 'காஸா' என்றும் பிரெஞ்சுக்காரர் 'கேஸ்' என்றும் பணப்பெட்டியை அழைத்தனர். பிரெஞ்சுக் கடைகளில் கல்லாவுக்கு இன்றும் அதுவே பெயர்.

1590களில் இச்சொல் ஆங்கிலத்துக்கு வந்தபோது பெட்டி, பணம் என்ற இரு பொருளும் கூடவே வந்தன. 18ஆம் நூற்றாண்டில் பெட்டி மறைந்து பணம் மட்டும் எஞ்சியது. கல்லாவில் அமரும் கேஷியர், மருந்துக்கடையின் கேப்ஸ்யூல், லாரியின் சேஸிஸ் எல்லாம் கப்ஸாவின் வழிவந்தவையே. ஆனால் ராணுவ அதிகாரியை அவமானத்தோடு பதவி நீக்குவதைக் குறிக்கும் 'கேஷியர்' என்ற வினைக்கு இதில் பங்கில்லை. அதன் வேர் வேறு.

இரண்டாவது சொல் கடல்வழி போனது. தமிழில் காசு மிகப் பழைய சொல். குறுந்தொகையின் 67ஆம் பாடலில் அள்ளூர் நன்முல்லையார், கிளி அலகில் கவ்விய வேப்பம்பழத்தை, நூலில் கோக்க நகநுனியில் பிடித்த பொற்காசுக்கு ஒப்பிடுகிறார். சோழர் கல்வெட்டுகளில் காசு கோயில் கணக்கின் நாணயம். சமஸ்கிருதத்தின் 'கர்ஷம்' என்ற எடைப்பெயரோடு இதை இணைத்துப் பார்ப்போரும் உண்டு. போர்த்துகீசியர் காசைத் தம் நாவில் 'காய்ஷா' ஆக்கினர். அவர்கள் மொழியில் பெட்டிக்கும் காய்ஷா என்றே பெயர். அதுவும் கப்ஸாவிலிருந்து வந்ததே. இரு சொற்களும் ஒன்றோடொன்று குழம்பத் தொடங்கிய இடம் இதுதான். டச்சுப் பயணி லின்ஸ்கோட்டனின் நூல் 1598இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. சுந்தா பகுதியில் நடுவில் துளையிட்ட செப்புக்காசுகளை 200, 1000 எனக் கயிற்றில் கோத்திருப்பதை அது காய்ஷா என்ற பெயரிலேயே விவரிக்கிறது. சதுரத் துளையுள்ள சீன நாணயத்துக்கு ஆங்கிலத்தில் கேஷ் என்ற பெயர் நிலைத்ததும் இவ்வழியில்தான். சீனர் அதை அப்படி அழைத்ததே இல்லை.

சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனியார் இச்சொல்லைக் கணக்கு அலகாகவே வைத்துக்கொண்டனர்: 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு நட்சத்திர வராகன். அப்படியானால் ஒரு வராகனுக்கு 3,360 காசு. 1818இல் ரூபாய் முறை இதை மாற்றியது. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், பர்மிங்காமில் மாத்யூ போல்டனின் சோஹோ நாணயச்சாலையில் சென்னைக்காக 10, 20 காசு செப்பு நாணயங்கள் நீராவி எந்திரத்தில் அச்சாயின. 1808 என்று பொறித்த 20 காசைக் கையில் எடுத்தால், ஒரு பக்கம் கம்பெனியின் சின்னமும் லத்தீன் வாசகமும். மறுபக்கம் பாரசீக எழுத்தில் 20 காசு 4 பலூஸ் என்ற மதிப்பு, அதனடியில் ரோமன் எண்ணோடு ஆங்கிலத்தில் 'கேஷ்'. அந்த ஆங்கில எழுத்துகளுக்குள் இருப்பது கப்ஸா அல்ல, காசு. இவற்றை ஏற்றிவந்த 'அட்மிரல் கார்ட்னர்' கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்தின் குட்வின் மணல்திட்டில் உடைந்து மூழ்கியது. 1980களில் முக்குளிப்போர் மீட்ட நாணயங்கள் இன்று உலகெங்கும் சேகரிப்பாளர்களிடம் உள்ளன.

ரொக்கம் என்ற பொருளையும் தமிழுக்கே உரிமையாக்க முனைவோர் ஒலி ஒற்றுமையை மட்டும் பார்க்கிறார்கள். பணப்பெட்டி என்ற பழைய ஆங்கிலப் பொருளுக்குக் காசிடம் விளக்கம் இல்லை. தமிழுக்கு உண்மையாக உரிய பங்கே பெரியது: சென்னை முதல் சீனா வரை ஒரு சில்லறை நாணயத்துக்கு ஐரோப்பியர் நாவில் வழங்கிய பெயர் நம் காசு.

ரூபாய் முறை வந்த பிறகும் காசு உடனே போய்விடவில்லை. புதுக்கோட்டைத் தொண்டைமான்கள் ஒருபுறம் பிரகதாம்பாள் உருவமும் மறுபுறம் தெலுங்கில் 'விஜய' என்ற எழுத்தும் கொண்ட அம்மன் காசை வெளியிட்டனர். திருவிதாங்கூரில் 16 காசு ஒரு சக்கரம், 28 சக்கரம் ஒரு ரூபாய் என்ற கணக்கு 1940கள் வரை நடந்தது.