கடலோர ரயில் மலையேறும் அபூர்வ நாட்கள்: டெஹாச்சப்பி வளையத்தில் பயணிக்க எப்படித் திட்டமிடுவது?

அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் இருந்து சியாட்டில் வரை தினமும் ஓடுகிறது 'கோஸ்ட் ஸ்டார்லைட்' என்ற ரயில். பசிபிக் கடலை ஒட்டியே பல மணி நேரம் செல்வதுதான் இதன் சிறப்பு. ஆனால் ஆண்டில் சில நாட்கள் மட்டும் இந்த ரயில் கடல் பக்கமே போகாது. அதற்குப் பதிலாக பாலைவனத்தில் நுழைந்து, மலையேறி, ஒரு குன்றைச் சுற்றி வட்டம் போட்டு, பள்ளத்தாக்கில் இறங்கும்.

கடலைப் பார்க்க டிக்கெட் எடுத்தவர்களுக்கு இது ஏமாற்றம். ரயில் ரசிகர்களுக்கோ லாட்டரி அடித்த மாதிரி. ஏன்னா, அந்த மலைப்பாதையில் வழக்கமான பயணிகள் ரயில் ஓடி 50 வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது.

அது என்ன பாதை? எப்போது ரயில் அந்தப் பக்கம் திரும்பும்? டிக்கெட் எடுக்கும் முன் என்னவெல்லாம் யோசிக்க வேண்டும்? விரிவாகப் பார்க்கலாம்.

டெஹாச்சப்பி வளையம் என்றால் என்ன?

கலிஃபோர்னியாவின் பேக்கர்ஸ்ஃபீல்ட் நகரம் கடல் மட்டத்தில் இருந்து சுமார் 400 அடி உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து தெற்கே போக வேண்டும் என்றால் டெஹாச்சப்பி மலையைக் கடக்க வேண்டும். கணவாயின் உச்சி சுமார் 4,000 அடி. அதாவது ஏறக்குறைய 80 கி.மீ. தூரத்துக்குள் ரயில் 3,600 அடி ஏறியாக வேண்டும்.

ரயிலால் செங்குத்தாக ஏற முடியாது. இந்தப் பாதையில் சரிவு 100 அடிக்கு சுமார் 2 அடிதான். அதற்கு மேல் போனால் கனமான ரயிலை இழுப்பதும் கஷ்டம், இறங்கும்போது நிறுத்துவதும் கஷ்டம். ஒரு இடத்தில் பள்ளத்தாக்கு குறுகி, நேராக ஏற இடமில்லாமல் போனது. அதற்குப் பொறியாளர்கள் கண்டுபிடித்த வழி, தண்டவாளத்தை ஒரு குன்றைச் சுற்றி வளைத்துக் கொண்டுவருவது. ரயில் சுரங்கத்துக்குள் நுழைந்து, குன்றைச் சுற்றி, தான் வந்த பாதைக்கு மேலேயே கடந்து செல்லும்.

இந்த வளையத்தின் நீளம் 3,779 அடி, அதாவது சுமார் 1.15 கி.மீ. ஒரு சுற்று சுற்றி முடிக்கும்போது ரயில் 77 அடி உயர்ந்திருக்கும். இலங்கையில் பதுளைக்குச் செல்லும் பாதையில் உள்ள தெமோதரை வளையமும், டார்ஜிலிங் பாதையில் உள்ள பதாசியா வளையமும் இதே உத்திதான்.

'மாற்றுப்பாதை'தான் முதல் பாதை

இதில் ஒரு சுவாரஸ்யம் இருக்கிறது. இன்றைக்கு 'மாற்றுப்பாதை' என்று சொல்லப்படும் இந்த வழிதான் சான் ஃபிரான்சிஸ்கோவையும் லாஸ் ஏஞ்சல்ஸையும் முதன்முதலில் இணைத்த ரயில் பாதை.

சதர்ன் பசிபிக் நிறுவனம் 1874 முதல் 1876 வரை இந்த மலைப்பகுதியில் பாதை அமைத்தது. மலையைக் குடைந்தவர்களில் பெரும்பாலானோர் சீனத் தொழிலாளர்கள், சுமார் 3,000 பேர். கையில் இருந்தது கடப்பாரை, மண்வெட்டி, வெடிமருந்து, குதிரை வண்டி, அவ்வளவுதான். 1876 செப்டம்பர் 5-ம் தேதி, லாஸ் ஏஞ்சல்ஸுக்கு வடக்கே லாங் என்ற இடத்தில் வடக்கில் இருந்து வந்த பாதையும் தெற்கில் இருந்து வந்த பாதையும் இணைந்தன. ஆறே ஆண்டுகளில், 1882-ல், சீனத் தொழிலாளர்கள் நாட்டுக்குள் வருவதைத் தடுக்கும் சட்டத்தை அமெரிக்கா கொண்டுவந்தது.

கடலோரப் பாதை முழுமையாக இணைந்தது 1901-ல்தான். அதுவரை சுமார் 25 ஆண்டுகள் எல்லாரும் டெஹாச்சப்பி வழியாகத்தான் போனார்கள்.

இப்போது ஏன் பயணிகள் ரயில் இல்லை?

1971 மே 1-ம் தேதி அமெரிக்காவின் பயணிகள் ரயில் சேவையை ஆம்ட்ராக் ஏற்றுக்கொண்டது. எந்தெந்த ரயில் தொடரும், எது நிற்கும் என்று அப்போது முடிவானது. டெஹாச்சப்பி வழியாக ஓடிக்கொண்டிருந்த ரயில் நிறுத்தப்பட்ட பட்டியலில் சேர்ந்தது. பிறகு 1974-ல் பேக்கர்ஸ்ஃபீல்ட் வரை ரயில் வந்தது. ஆனால் அங்கிருந்து லாஸ் ஏஞ்சல்ஸுக்கு இன்றைக்கும் பஸ்தான்.

காரணம் நெரிசல். 1996-ல் சதர்ன் பசிபிக் நிறுவனம் யூனியன் பசிபிக்குடன் இணைந்தது. இப்போது பாதையின் உரிமையாளர் யூனியன் பசிபிக். பி.என்.எஸ்.எஃப். என்ற இன்னொரு பெரிய சரக்கு ரயில் நிறுவனமும் இதே தண்டவாளத்தைப் பயன்படுத்துகிறது. இரவு பகலாக சரக்கு ரயில்கள் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். பல இடங்களில் ஒற்றைத் தண்டவாளம் என்பதால், எதிரே ஒரு ரயில் வந்தால் இன்னொன்று ஒதுங்கி நின்றே ஆக வேண்டும். இந்த நெருக்கடியில் தினசரி பயணிகள் ரயிலுக்கு இடமில்லை என்பது சரக்கு நிறுவனத்தின் நிலைப்பாடு.

விதிவிலக்கு ஒன்றே ஒன்றுதான். கடலோரப் பாதை மூடப்படும்போது கோஸ்ட் ஸ்டார்லைட் மட்டும் இந்த வழியைப் பயன்படுத்தலாம்.

எப்போது ரயில் திரும்பும்?

பெரும்பாலும் தண்டவாளப் பராமரிப்புப் பணிக்காகக் கடலோரப் பாதை மூடப்படும் நாட்களில்தான். இப்படித் திட்டமிட்ட பணிகள் முன்கூட்டியே தெரிந்துவிடும். ஆம்ட்ராக் தனது இணையதளத்தில் சேவை அறிவிப்பு வெளியிடும்.

ஆனா இங்கே ஒரு எச்சரிக்கை. பாதை மூடினாலே மாற்றுப்பாதை என்று அர்த்தம் இல்லை. மூன்று விதமாக நடக்கலாம்:

• ரயில் டெஹாச்சப்பி வழியாகத் திருப்பி விடப்படலாம்.
• மூடிய பகுதிக்கு மட்டும் பஸ் விடலாம்.
• அந்தப் பகுதியில் ரயிலை முழுதாக ரத்து செய்யலாம்.

மழை, மண்சரிவு என்று திடீரென பாதை மூடும்போது ரத்து அல்லது பஸ்ஸுக்குத்தான் வாய்ப்பு அதிகம். ஆம்ட்ராக் ஓட்டுநர்களுக்கு வழக்கமான பாதையின் வளைவும் சிக்னலும் அத்துப்படி. பழக்கமில்லாத மலைப்பாதையில் போக, அந்தப் பாதை தெரிந்த ஊழியர் ஒருவர் கூட வர வேண்டும். சரக்கு ரயில்களுக்கு நடுவே நேரமும் ஒதுக்க வேண்டும். இதெல்லாம் ஒரே நாளில் ஏற்பாடு செய்வது கடினம்.

அறிவிப்பை எப்படிப் படிப்பது?

அறிவிப்பில் மூன்று விஷயங்களைப் பாருங்கள்.

முதலாவது, தேதி. தினமும் மூடுகிறார்களா, வாரத்தில் சில நாட்கள் மட்டுமா என்பது முக்கியம்.

இரண்டாவது, ரயில் எண். வடக்கே போவது 14, தெற்கே வருவது 11. ஒன்று திருப்பி விடப்பட்டு இன்னொன்று வழக்கம்போல ஓடவும் வாய்ப்பு உண்டு.

மூன்றாவது, வார்த்தை. 'மாற்றுப்பாதையில் செல்லும்' என்று இருந்தால்தான் நல்ல சேதி. 'மாற்றுப் போக்குவரத்து' என்று இருந்தால் அது பஸ்.

டிக்கெட் பதிவுப் பக்கமும் ஒரு துப்பு கொடுக்கும். குறிப்பிட்ட தேதியில் லாஸ் ஏஞ்சல்ஸ் – சாக்ரமென்டோ டிக்கெட் கிடைக்கிறது, ஆனால் நடுவில் உள்ள சாண்டா பார்பராவுக்கோ சலினாஸுக்கோ அந்த ரயிலில் டிக்கெட்டே காட்டவில்லை என்றால், மாற்றுப்பாதையாக இருக்கலாம். இருந்தாலும் இதை மட்டும் நம்ப வேண்டாம். தொலைபேசியில் கேட்டு உறுதி செய்வது நல்லது.

எங்கே ஏறி எங்கே இறங்குவது?

மாற்றுப்பாதையில் போகும்போது இடையில் உள்ள நிலையங்களில் ரயில் நிற்காது. பேக்கர்ஸ்ஃபீல்ட், ஃப்ரெஸ்னோ வழியாகத்தான் போகும், ஆனால் அங்கே ஏறவோ இறங்கவோ முடியாது. 'வளையத்தை மட்டும் பார்த்துட்டு இறங்கிடலாம்' என்ற திட்டம் எடுபடாது.

எனவே தெற்கே லாஸ் ஏஞ்சல்ஸ், வடக்கே சாக்ரமென்டோ என்று எடுப்பதுதான் பொதுவாகப் பொருந்தும் மிகக் குறுகிய பயணம். எந்தெந்த நிலையங்கள் விடுபடுகின்றன என்பது அறிவிப்பிலேயே இருக்கும்.

திரும்பி வர கவலை இல்லை. சாக்ரமென்டோவில் இருந்து சான் வாக்கீன் பள்ளத்தாக்கு ரயிலில் பேக்கர்ஸ்ஃபீல்ட், அங்கிருந்து இணைப்பு பஸ்ஸில் லாஸ் ஏஞ்சல்ஸ் வரலாம்.

எந்தத் திசை நல்லது?

வளையத்தைப் பகலில் பார்க்க வேண்டும் என்றால் வடக்கே போகும் ரயில்தான் பாதுகாப்பான தேர்வு. அது லாஸ் ஏஞ்சல்ஸில் காலை 10 மணியை ஒட்டிக் கிளம்புகிறது. அங்கேதான் பயணமே தொடங்குவதால் தாமதத்துக்கு வாய்ப்பு குறைவு. மதியத்துக்கு மேல் மலையில் இருக்கும்.

தெற்கே வரும் ரயில் அப்படி இல்லை. சியாட்டிலில் முந்தைய நாள் கிளம்பி, 24 மணி நேரத்துக்கு மேல் ஓடிய பிறகுதான் மலைக்கு வரும். வழியில் சில மணி நேரம் தாமதமானால், குளிர்காலத்தில் வளையம் வருவதற்குள் இருட்டிவிடும்.

ஜன்னலில் என்ன தெரியும்?

வடக்கே போகும் ரயிலில் போவதாக வைத்துக்கொள்வோம். லாஸ் ஏஞ்சல்ஸைத் தாண்டியதும் சான் ஃபெர்னாண்டோ மலையடியில் 2 கி.மீ.க்கு மேல் நீளமான ஒரு சுரங்கம். அடுத்து சோலெடாட் பள்ளத்தாக்கு, 1876-ல் பாதை இணைந்த லாங் இங்கேதான். பாம்டேல் வந்ததும் பாலைவனம் விரிகிறது. மொஹாவி ஊரில் விமான நிலையத்தில் நிறுத்தி வைக்கப்பட்ட பெரிய விமானங்கள் தெரியும். பிறகு மலையேற்றம். இருபக்கமும் காற்றாலைகள். ஆரல்வாய்மொழி கணவாயைப் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி பழகியதாகவே தோன்றும்.

உச்சியில் டெஹாச்சப்பி ஊரைத் தாண்டி இறங்கத் தொடங்கியதும் வளையம் வந்துவிடும். வேகம் குறைவாகவே இருக்கும். குன்றின் மேல் ஒரு வெள்ளைச் சிலுவை தெரிகிறதா பாருங்கள். 1989-ல் சான் பெர்னார்டினோவில் நடந்த ரயில் விபத்தில் இறந்த இரண்டு ரயில்வே ஊழியர்களின் நினைவாக வைக்கப்பட்டது அது. கடைசியாக 9-ம் எண் சுரங்கம். அதற்குள் நுழைந்ததும் வளையம் முடிகிறது.

ஒன்றை மட்டும் எதிர்பார்க்க வேண்டாம். புகைப்படங்களில் ரயில் தன் மீதே ஏறிக் கடப்பது போல் இருக்கும். அதற்கு ரயில் வளையத்தைவிட நீளமாக, சுமார் 4,000 அடி இருக்க வேண்டும். அவை சரக்கு ரயில்கள். ஒரு பயணிகள் பெட்டி 85 அடி. பத்துப் பெட்டியும் இரண்டு எஞ்சினும் சேர்த்தால்கூட 1,000 அடிதான் வரும். ஆனால் எதிர் ரயிலுக்காக ஒதுங்கி நிற்கும் நீளமான சரக்கு ரயில் மேலேயோ கீழேயோ தெரிந்தால், வளையத்தின் முழு வடிவமும் கண்ணுக்குப் புரிந்துவிடும்.

இருக்கையைப் பற்றி ரொம்ப யோசிக்க வேண்டாம். இரண்டு பக்கமும் பெரிய ஜன்னல்கள் கொண்ட காட்சிப் பெட்டி ரயிலில் இருக்கும். எல்லாப் பயணிகளுக்கும் பொதுவானது. ஆனால் மாற்றுப்பாதை நாட்களில் ரசிகர்கள் கூட்டம் சேரும் என்பதால், மொஹாவி வருவதற்கு முன்பே போய் உட்கார்ந்துவிடுவது நல்லது.

கடைசி நேரத்தில் மாறினால்?

மாறலாம். பணி ஒத்திவைக்கப்பட்டால் ரயில் கடலோரமாகவே போகும். டிக்கெட் என்பது ஒரு ஊரில் இருந்து இன்னொரு ஊருக்குத்தான், குறிப்பிட்ட பாதைக்கு அல்ல. 'வளையத்தைப் பார்க்கத்தானே வந்தேன்' என்று சொல்லி பணத்தைக் கேட்க முடியாது. ஆகவே:

• டிக்கெட் எடுக்கும்போதே ரத்து விதிகளைப் படியுங்கள். விலை குறைந்த டிக்கெட்டில் கட்டுப்பாடு அதிகமாக இருக்கலாம்.
• கிளம்பும் முந்தைய நாளும், அன்று காலையும் அறிவிப்பை மறுபடி பாருங்கள்.
• போய்ச் சேர்ந்த அன்றே விமானம், முக்கியமான சந்திப்பு எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். சரக்கு ரயிலுக்கு வழிவிட்டுக் காத்திருப்பது இந்தப் பாதையில் சகஜம்.
• விமானம் ஏறி வந்து, இதற்காக மட்டுமே செலவு செய்வது ரிஸ்க். ஏற்கெனவே கலிஃபோர்னியாவில் இருப்பவர்களுக்குத்தான் இது ஏற்றது.

ரயில் கிடைக்காவிட்டாலும் வளையத்தைப் பார்க்க வழி இருக்கிறது. 58-ம் எண் நெடுஞ்சாலையில் கீன் என்ற ஊரில் திரும்பி, உட்ஃபோர்ட் – டெஹாச்சப்பி சாலையில் போனால் பார்வையிடும் இடம் வரும். அங்கே நின்றால், தன் மீதே ஏறிக் கடக்கும் நீளமான சரக்கு ரயிலையும் பார்க்கலாம்.

மறுபக்கத்தில் நிற்பவர்கள்

ரயில் மலையேறும் அதே நாளில், கடலோர ஊர்களில் அந்த ரயில் வராது. சாண்டா பார்பரா, சான் லூயிஸ் ஒபிஸ்போ, பாசோ ரோபிள்ஸ், சலினாஸ் போன்ற ஊர்களுக்கு வடக்கும் தெற்கும் நேராக இணைக்கும் ரயில் தினம் ஒன்றுதான். அது இல்லையென்றால் பஸ், கார், இல்லாவிட்டால் பயணத்தையே தள்ளிவைப்பதுதான் வழி. அப்படி டிக்கெட் வைத்திருப்பவர்கள் ஆம்ட்ராக்கிடம் வேறு தேதியோ பணத்தைத் திரும்பவோ கேட்கலாம்.

அந்தப் பக்கம் பேக்கர்ஸ்ஃபீல்ட் மக்களுக்கு இன்னொரு வருத்தம். லாஸ் ஏஞ்சல்ஸ் போகும் ரயில் அந்த நாட்களில் அவர்கள் ஊர் வழியாகவே போகிறது. ஆனால் அவர்களுக்காக நிற்பதில்லை. மலையைத் தாண்ட அவர்களுக்கு அன்றைக்கும் பஸ்தான்.