ஓர் எண்ணும் 259 ஆண்டுகளும்



சதுரங்கப் பலகையின் முதற்கட்டத்தில் ஒரு தானியமணி, இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதில் நான்கு என இரட்டித்து வைக்குமாறு அரசனிடம் கேட்ட அறிஞனின் கதையை நீங்கள் அறிவீர்கள். அப்பலகைக்கு 64 கட்டங்கள். 67 கட்டங்கள் இருந்திருப்பின் மணிகள் எத்தனை? அறுபத்தேழு இரண்டுகளைத் தம்முள் பெருக்கி, ஒன்றைக் கழித்தால் விடை வரும்: 147573952589676412927. இருபத்தோர் இலக்கங்கள் கொண்ட இவ்வெண்ணின் வரலாற்றையே இன்று கூற விழைகிறேன்.

ஒன்றாலும் தன்னாலும் அன்றி வேறெதனாலும் மீதியின்றி வகுபடாத எண் பகா எண் எனப்படும். இவ்வாறு இரட்டித்து ஒன்று கழித்த எண்களுள் 3, 7, 31, 127 ஆகியவை பகா எண்கள். ஆனால், பதினோர் இரண்டுகளால் வரும் 2047 அத்தகையதன்று. அது 23, 89 ஆகியவற்றின் பெருக்கற்பலன். பாரிஸ் நகரில் வாழ்ந்த மெர்சென் என்னும் துறவி, 1644ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலின் முன்னுரையில், எத்தனை இரண்டுகளைப் பெருக்கினால் பகா எண் கிட்டும் என்று ஒரு பட்டியல் தந்தார். அதில் 67உம் இருந்தது. நிறுவல் ஏதும் தரப்படவில்லை. எனினும், 232 ஆண்டுகள் அதனை எவரும் பொய்ப்பித்துக் காட்டவில்லை.

1876இல் பிரெஞ்சுக் கணித அறிஞர் லூக்கா, தாம் கண்ட புதிய சோதனையால் இவ்வெண் பகா எண் அன்று என்று காட்டினார். ஆயினும் அதன் காரணிகள் எவை என்பதை அச்சோதனை காட்டவில்லை. வீட்டினுள் ஆள் உண்டு என்பது தெரிந்தது. யார் என்பது தெரியவில்லை.

1903 அக்டோபர் 31. நியூயார்க்கில் அமெரிக்கக் கணிதக் கழகத்தின் கூட்டம். பேராசிரியர் கோல் கரும்பலகையருகே சென்று, ஒரு பக்கம் இந்த எண்ணைக் கணக்கிட்டு எழுதினார். மறுபக்கம் 193707721ஐ 761838257287ஆல் பெருக்கினார். இரு விடைகளும் ஒன்றாயின. ஒரு சொல்லும் பேசாமல் அவர் இருக்கையில் அமர, அவையினர் கைதட்டி ஆரவாரித்தனர் என்று கணித ஆசிரியர் பெல் எழுதியுள்ளார். இதற்கு எத்தனை காலம் ஆயிற்று என்று பின்னாளில் தாம் வினவியபோது, மூன்றாண்டுகளின் ஞாயிற்றுக்கிழமைகள் என்று கோல் விடையளித்ததாகவும் அவர் கூறுகிறார்.

தேடலைச் சுருக்க வழி உண்டு. இவ்வெண்ணின் எந்தக் காரணியையும் 134ஆல் வகுத்தால் ஒன்றே மீதி வரும். ஆயினும், அவ்வகை எண்களை வரிசையாகச் சோதித்தால் கோல் கண்ட சிறிய காரணி 14,45,580ஆவதாகவே வரும்!

மெர்சென்னை இகழவேண்டா. அவர் பட்டியலிலிருந்த 127 சரியே என்று அதே லூக்கா நிறுவினார். ஆனால் பெரியோர் சொல்லாயினும் சோதித்தே கொள்ளல் வேண்டும். மூன்றாண்டுகள் தேடிக் கண்டதை நீங்கள் ஒரு மாலைப்பொழுதில் சரிபார்த்துவிடலாம். தாளும் எழுதுகோலும் எடுங்கள். என் சொல்லையும் நம்பாமல் பெருக்கிப் பாருங்கள்.