வால்டேர் வேதியியல் குழு

பருத்திப் பூவின் மஞ்சளுக்கு எந்தப் பொருள் காரணம் என்ற ஆராய்ச்சி 1930களின் நடுவில் வால்டேரில் தொடங்கியது. அங்கிருந்த ஆந்திரப் பல்கலைக்கழகம் பிறந்து அப்போது பத்தாண்டுகூட ஆகவில்லை. அங்கே அறிவியல் படிப்புகளுக்கு ஒரிசாப் பகுதி ஜெய்ப்பூர் ஜமீனின் மகாராஜா விக்ரம தேவ வர்மா பெரும் கொடை அளித்திருந்தார். ராதாகிருஷ்ணன் துணைவேந்தராக இருந்த 1934இல் வேதியியல் துறையின் பொறுப்பை ஏற்றவர் டி. ஆர். சேஷாத்திரி. இந்தியத் தாவர வேதியியலில் பின்னாளில் தனிப் பெயர் பெற்ற ஆய்வுக்குழு இவரால் உருவானது.

சேஷாத்திரி 1900இல் காவிரிக் கரையிலுள்ள குளித்தலையில் பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, அங்கேயே பி. பி. டே என்ற பேராசிரியரிடம் ஆய்வு பழகினார். 1927இல் மான்செஸ்டர் சென்று ராபர்ட் ராபின்சனிடம் முனைவர் பட்டம் பெற்றார். மலர்களின் செந்நீல நிறங்களைத் தரும் ஆந்தோசயனின்களைச் செயற்கையாக உருவாக்கும் வேலை ராபின்சனின் கூடத்தில் அப்போது மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. பிறகு ஆஸ்திரியாவில் ஃபிரிட்ஸ் பிரெகிலிடம் நுண்பகுப்பாய்வைக் கற்றார். 1923இல் நோபல் பரிசு பெற்ற அந்த முறையில், ஒரு பொருளில் கார்பன் எவ்வளவு, ஹைட்ரஜன் எவ்வளவு என்று கண்டறியச் சில மில்லிகிராமே போதும். கூடை கூடையாய்ப் பூப் பறித்தாலும் கடைசியில் ஒரு சிட்டிகைப் படிகமே தேறும் துறையில் இந்தத் தேர்ச்சிதான் வால்டேரின் பெரிய மூலதனம் ஆயிற்று.

குழு ஆராய்ந்தவற்றில் முதன்மையானவை ஃபிளேவனாய்டுகள். இரண்டு பென்சீன் வளையங்களை மூன்று கார்பன்கள் இணைப்பது இவற்றின் அடிப்படை அமைப்பு. வளையங்களில் ஹைட்ராக்சில் தொகுதிகள் எத்தனை, எந்த இடத்தில் அமர்ந்திருக்கின்றன என்பதைப் பொறுத்து நிறமும் பண்பும் மாறும். அந்த இடங்களைக் கண்டுபிடிப்பதே அன்றைய சவால். ஹைட்ராக்சில் தொகுதிகளில் மெத்தில் ஏற்றி, காரத்தில் கொதிக்கவைத்து மூலக்கூறை உடைத்து, கிடைத்த துண்டுகளை இனம் கண்டு, அவற்றிலிருந்து முழு அமைப்பை ஊகிப்பார்கள். அந்த ஊகம் சரியா என்பதை அறிய அதே பொருளைக் கூடத்தில் செய்து, இயற்கைப் பொருளோடு ஒப்பிடுவார்கள். நிறமாலைக் கருவிகள் பரவாத காலம் அது.

குழுவைச் சேர்ந்த நீலகண்டமும் சேஷாத்திரியும் பருத்திப் பூக்களிலிருந்து காசிபெட்டின் என்ற நிறப்பொருளையும், அதோடு சர்க்கரை இணைந்த காசிபினையும் ஆராய்ந்தனர். குழுவின் மற்றொருவரான ரங்கசாமி புங்க மரத்தை எடுத்துக்கொண்டார். அதன் எண்ணெயிலுள்ள கரஞ்சின் முன்பே அறியப்பட்டிருந்தது. பொங்கமால் என்ற புதிய பொருளை வால்டேர் குழு பிரித்தெடுத்தது. கிழக்குக் கரை மரப்பட்டைகளில் படரும் ராக்செல்லா மொன்டாக்னெய் என்ற லைக்கனிலிருந்து மொன்டாக்னெட்டால் கிடைத்தது. தமிழ்ச் சமையலில் மணம் சேர்க்கும் கல்பாசியும் லைக்கன்களின் கூட்டத்தைச் சேர்ந்ததே. சுற்றுப்புறத்தில் விளைந்ததையே ஆய்வுப்பொருளாக்கியதால், இறக்குமதியை நம்பாமல் தொடர்ச்சியாக வேலை நடந்தது. முடிவுகளில் பெரும்பகுதி, 1934இல் சி. வி. ராமன் பெங்களூரில் நிறுவிய இந்திய அறிவியல் அகாதெமியின் இதழில் வெளியாயிற்று.

பொருள்களைப் பட்டியலிடுவதோடு குழு நிற்கவில்லை. தாவரம் இவற்றை எந்த வரிசையில் ஆக்குகிறது என்று சேஷாத்திரி கேட்டார். எளிய அமைப்பு முதலில் உருவாகி, பின்னர் ஆக்சிஜனேற்றத்தால் புதிய ஹைட்ராக்சில் தொகுதிகள் சேர்கின்றன என்பது அவர் கருத்து. ஆய்வுக்கூடத்தில் இத்தகைய பொருளின் காரக் கரைசலில் பெர்சல்ஃபேட்டைச் சேர்த்தால், ஏற்கெனவே உள்ள ஹைட்ராக்சிலுக்கு நேர் எதிரே இன்னொன்று அமர்கிறது. இவ்வழியில் பரவலாகக் கிடைக்கும் குவெர்செட்டின் வகைப் பொருளிலிருந்து அரிய காசிபெட்டினை அடைய முடிந்தது. குழுவின் பணிகளில் ஆழமானது இதுவே என்று சொல்லலாம். தாவரத்தின் வழி இதுவாக இருக்கலாம் என்ற ஊகம், கண்ணாடிக் குடுவையில் செய்து பார்க்கத்தக்க சோதனையாக மாறிவிட்டது. நொதிகள் பின்னர் பிரித்தறியப்பட்டபோது, ஃபிளேவனாய்டு அமைப்பு உருவான பிறகே சில ஹைட்ராக்சில்களும் மெத்தில்களும் சேர்கின்றன என்பது உறுதியாயிற்று.

1942 ஏப்ரலில் வால்டேர் அமைந்துள்ள விசாகப்பட்டினத்தின் மீது ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசின. போர்க்காலத்தில் பல்கலைக்கழகக் கட்டடங்கள் ராணுவத்தின் வசம் போக, பல்கலைக்கழகம் குண்டூருக்கு இடம்பெயர்ந்தது. நெருக்கடியிலும் ஆய்வு நிற்கவில்லை. அந்த ஆண்டுகளிலும் கட்டுரைகள் வெளிவந்தன.

1949இல் துணைவேந்தர் மாரிஸ் குவையரின் அழைப்பை ஏற்று சேஷாத்திரி டெல்லிப் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். அங்கே குழு இன்னும் பெருகியது. இமயத்து லைக்கன்களும், பட்டைகளிலுள்ள நிறமற்ற லூகோ ஆந்தோசயனிடின்களும் ஆய்வுக்கு வந்தன. தாள்வழி நிறப்பிரிகை வந்து சேர்ந்ததால், முன்பு கலவையாகவே விட்டுவைக்கப்பட்டவற்றையும் பிரிக்க முடிந்தது. செம்மரத்துக்குச் சிவப்பைத் தரும் சாண்டலினின் சிக்கலான அமைப்பு 1970களிலும் குழுவின் கவனத்தில் இருந்தது. சேஷாத்திரிக்கு 1960இல் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினர் தகுதியும் 1963இல் பத்மபூஷணும் கிடைத்தன. 1965இல் ஓய்வுபெற்ற பின்னும் மதிப்புறு பேராசிரியராக ஆய்வைத் தொடர்ந்தார்.

அவர் 1975இல் காலமானார். அதற்கு முன்பே மாணவர்கள் தனித்தனி ஆய்வுக்குழுக்களை வளர்த்திருந்தனர்: எல். ராமச்சந்திர ராவ் வால்டேரிலும், என். வி. சுப்பாராவ் ஹைதராபாத் உஸ்மானியா பல்கலைக்கழகத்திலும்.