கைக்காசில் மனநல சிகிச்சை: காப்பீட்டுக்கு வெளியே நின்ற செலவு

காங்கேயம், திருப்பூர் மாவட்டத்தில் கோவை–திருச்சி நெடுஞ்சாலையில் அமைந்த ஊர். வெளியூர்க்காரருக்கு அது காளைகளின் ஊர். உள்ளூர்க்காரருக்கு அரிசி ஆலைகளும் தேங்காய்க் களங்களும் எண்ணெய் ஆலைகளும் நிறைந்த ஊர். இங்கே ஒருவருக்கு மனச்சோர்வோ பதற்றநோயோ வந்து, மருந்தோடு பேச்சு வழியான உளவியல் சிகிச்சையும் வேண்டும் என்றால், குடும்பம் பெரும்பாலும் திருப்பூருக்கோ ஈரோட்டுக்கோ கோவைக்கோ பேருந்து ஏறுகிறது. கட்டணம் கையிலிருந்து போகிறது. வீட்டில் காப்பீட்டு அட்டை இருந்தாலும் அதை யாரும் எடுத்துச் செல்வதில்லை. இதற்குப் பின்னே இரு நூற்றாண்டு வரலாறு இருக்கிறது.

மனநோய்க்கு யார் பணம் கட்டுவது என்ற கேள்வி சென்னையின் முதல் காப்பகத்தோடு பிறந்தது. 1794-இல் வாலண்டைன் கொனொலி என்ற கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவர் அதைத் தொடங்கினார். பெயருக்குத்தான் அது பொதுப்பணி. கம்பெனி வாடகை செலுத்த, மருத்துவர் நடத்திய தனியார் தொழிலாகவே அது இருந்தது. பின்னர் கைமாறி, 1807-இல் ஜேம்ஸ் டால்டனிடம் வந்தது. 1871-இல் கீழ்ப்பாக்கத்தில் அரசுக் காப்பகம் எழுந்த பிறகும் செலவுப் பொறுப்பு முழுவதும் அரசிடம் போய்விடவில்லை. 1912-ஆம் ஆண்டின் இந்திய மனநோயாளர் சட்டப்படி, பராமரிப்புச் செலவை நோயாளியின் சொத்திலிருந்தோ, அவரைக் காக்கச் சட்டப்படி கடமைப்பட்ட உறவினரிடமிருந்தோ வசூலிக்கலாம். ஏழைக்கு அரசு, சொத்துள்ளவருக்குக் குடும்பம் என்பதே ஏற்பாடு. அதுவும் பூட்டிய அறைக்கும் படுக்கைக்கும் சாப்பாட்டுக்குமான கணக்கு. நோயாளி வீட்டிலிருந்தபடி வாரம் ஒருமுறை வந்து பேசிவிட்டுப் போகும் சிகிச்சைக்கு அந்தக் கணக்கில் இடமில்லை.

புறநோயாளர் சேவை மெதுவாகவே வந்தது. இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவரான டாக்டர் சாரதா மேனன் 1961 முதல் 1978 வரை கீழ்ப்பாக்கம் மருத்துவமனையின் தலைவராக இருந்த காலத்தில் அது விரிவடைந்தது. சென்னைக்கு வெளியே கதை வேறு. திருச்சிக்கு அருகே குணசீலம் கோயிலில் 48 நாள் தங்கி வழிபடுவதும், இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடி தர்காவுக்குப் போவதும் பல குடும்பங்களின் முதல் வழியாக இருந்தன. ஏர்வாடியைச் சுற்றி இயங்கிய தனியார் காப்பகங்களுக்குக் குடும்பங்கள் பணம் கட்டின. 2001 ஆகஸ்ட் 6 அன்று அவற்றில் ஒன்றில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் தப்பிக்க முடியாமல் இறந்தனர். உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. உரிமமில்லாத காப்பகங்கள் மூடப்பட்டன. கைக்காசில் வாங்கிய பராமரிப்பை எவரும் மேற்பார்க்கவில்லை என்பதை அந்தத் தீ வெளிச்சமிட்டது.

தொழிலாளர் ஈட்டுறுதித் திட்டம்

கொங்கு நாட்டில் காப்பீடு வேறொரு வாசல் வழியாக வந்தது. 1948-ஆம் ஆண்டின் ஊழியர் அரசுக் காப்பீட்டுச் சட்டப்படி அமைந்த ஈ.எஸ்.ஐ. திட்டம், தமிழ்நாட்டில் முதலில் நடைமுறைக்கு வந்தது 1955-இல் கோயம்புத்தூரில்தான். பஞ்சாலைகள் அங்கே பெருகியிருந்ததே காரணம். மனநோயைப் பொறுத்தவரை, பின்னாளில் வந்த தனியார் பாலிசிகளைவிட இந்தப் பழைய திட்டமே தாராளமானது எனலாம். புறநோயாளர் சிகிச்சையும் மருந்தும் இதில் அடங்கும். நீடித்த நோய்களுக்கான பட்டியலில் மனச்சிதைவு உள்ளிட்ட கடும் மனநோய்கள் இருப்பதால், உரிய காலம் சந்தா செலுத்திய தொழிலாளி இரண்டு ஆண்டு வரை ஊதியத்தில் 80 விழுக்காடு பெற முடியும்.

ஆனால் பொதுவாக 10 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனத்துக்கே இத்திட்டம் பொருந்தும். மாத ஊதிய வரம்பு 2017 முதல் 21,000 ரூபாய். காங்கேயம், வெள்ளகோவில் பக்கத்தில் நாலு தறி வைத்திருக்கும் குடும்பம், களத்தில் தேங்காய் உடைக்கும் நாள்கூலி, மாடும் மேய்ச்சல் காடும் வைத்திருக்கும் விவசாயி ஆகியோர் இந்த வளையத்துக்குள் வருவதில்லை. வரம்பைத் தாண்டிய மேற்பார்வையாளரும் வருவதில்லை.

மெடிக்ளெய்ம் முதல் 2017 வரை

1986-இல் அரசுப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் மெடிக்ளெய்ம் பாலிசியைக் கொண்டுவந்தன. அதன் அடிப்படை மருத்துவமனைப் படுக்கை: வழக்கமாக 24 மணி நேரமாவது உள்நோயாளியாக இருந்தால்தான் பணம். அதற்கும் மேலாகப் பெரும்பாலான பாலிசிகள் மனநோயை விலக்குப் பட்டியலில் வைத்திருந்தன. எலும்பு முறிந்தவருக்குக் கிடைத்தது, மனம் முறிந்தவருக்குக் கிடைக்கவில்லை.

மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-இல் நிறைவேறி, 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. உடல்நோய்க்கு உள்ள அதே அடிப்படையில் மனநோய்க்கும் காப்பீட்டாளர் வழிசெய்ய வேண்டும் என்கிறது அதன் 21(4) பிரிவு. அதே ஆகஸ்டில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் சுற்றறிக்கை விட்டது; 2019-இல் மனநோயை விலக்காகச் சேர்க்கக் கூடாது என்று விதியும் செய்தது. அப்படியும் நிறுவனங்கள் இழுத்தடித்தன. மருத்துவமனைச் செலவு மறுக்கப்பட்ட ஒரு பெண் தொடுத்த வழக்கில், 2021 ஏப்ரலில் டெல்லி உயர் நீதிமன்றம் அவருக்குப் பணம் தர உத்தரவிட்டது. எல்லா பாலிசிகளும் 2022 அக்டோபர் 31-க்குள் சட்டத்துக்கு இணங்க வேண்டும் என்று ஆணையம் மறுபடியும் கெடு வைத்தது.

இந்தச் சமத்துவத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. உடல்நோய்க்கே புறநோயாளர் கட்டணத்தைத் தராத பாலிசி, 'அதே அடிப்படையில்' மனநோய்க்கும் தரவேண்டியதில்லை. உளவியல் சிகிச்சையோ ஏறக்குறைய முழுவதும் புறநோயாளர் சிகிச்சை. மனச்சோர்வுக்கான அறிதல்–நடத்தை சிகிச்சை பொதுவாக 12 முதல் 20 அமர்வுகள் வரை போகும்; ஒவ்வொன்றும் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம். இதில் படுக்கையும் இல்லை, அனுமதிச் சீட்டும் இல்லை. சட்டம் படுக்கைக்குத் திறந்த கதவு நாற்காலிக்குத் திறக்கவில்லை. புறநோயாளர் செலவைச் சேர்க்கும் பாலிசிகள் இப்போது உண்டு; அவற்றுக்குப் பிரீமியம் தனி, வரம்பும் சிறிது.

மறைத்துக் கட்டும் பணம்

கிடைக்கக்கூடிய காப்பீட்டையும் சிலர் வேண்டுமென்றே தொடுவதில்லை. கிளெய்ம் செய்தால் நோயின் பெயர் தாளில் ஏறும். அடுத்த பாலிசிக்கான விண்ணப்பத்தில் முன்பு பெற்ற சிகிச்சை பற்றிய கேள்வி வரும். மறைத்தால் பின்னால் கிளெய்ம் மறுக்கப்படலாம். வேலை செய்யும் இடத்தின் குழுக் காப்பீடு என்றால் அலுவலகத்துக்குத் தெரியுமோ என்ற பயம். இவை எல்லாவற்றையும்விடப் பெரியது கல்யாணம். வரன் பார்க்கும்போது மூன்று ஊர் தள்ளியும் விசாரிக்கும் நாட்டில், 'பையன் கோவையில நரம்பு டாக்டரைப் பாக்குறானாம்' என்ற ஒரு சொல் போதும், பேச்சு முறிந்துவிடும். அதனால் ரொக்கம், முடிந்தால் ரசீதும் வேண்டாம். சட்டத்தின் 23-ஆம் பிரிவு நோயாளியின் தகவலுக்கு இரகசியக் காப்பு தருகிறது. ஆனால் பேருந்து நிலையத்தில் பார்த்துவிடும் பங்காளியை எந்தப் பிரிவும் கட்டுப்படுத்தாது.

இந்த மறைப்புக்கு விலை உண்டு. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015–16-இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வு, குடும்பங்கள் சிகிச்சைக்கும் பயணத்துக்குமாக மாதம் ஏறக்குறைய 1,000 முதல் 1,500 ரூபாய் வரை செலவிட்டதாகச் சொன்னது. கூலிக்காரருக்கு இதில் அன்றைய வேலை இழப்பும் சேரும். கொப்பரை விலை விழுந்த மாதத்தில் முதலில் நிற்பது எது என்று சொல்லத் தேவையில்லை. மாத்திரையை எப்படியாவது வாங்குவார்கள். பேச்சு சிகிச்சையை 'கொஞ்சம் பரவாயில்லை' என்று சொல்லி ஐந்தாவது, ஆறாவது அமர்வில் விட்டுவிடுவார்கள்.

பணம் கட்டாத வழியும் இல்லாமல் இல்லை. மாவட்ட மனநலத் திட்டம் 1996-இல் நாட்டின் முதல் நான்கு மாவட்டங்களில் தொடங்கியபோது அவற்றில் திருச்சியும் ஒன்று. பின்னர் அது மற்ற மாவட்டங்களுக்கும் பரவியது. திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. அதே ஆண்டு அக்டோபர் 10 அன்று தொடங்கிய டெலி மானஸ் சேவையின் 14416 என்ற எண்ணில் கட்டணமின்றித் தமிழில் பேசலாம். களத்து வேலை முடிந்து, வீட்டில் எல்லோரும் படுத்த பிறகும் அந்த எண் எடுக்கப்படும்.